முப்பது வயதில் எழுபதுக்காக ஒரு கையெழுத்து

(ஸ்டுட்கார்ட்டில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஞாயிறு மாலைச் சந்திப்பில், 2025 இலையுதிர்காலத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போன மாதம் ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் வேலை, ஜெர்மனிக்கு வந்து நான்கு ஆண்டு. "அண்ணா, இந்த வருஷம் சம்பளம் வரம்பைத் தாண்டிருச்சுங்க. ப்ரிவாட்டுக்கு மாறச் சொல்லி ஏஜென்ட் ஒருத்தர் சொல்றாரு. மாசம் இருநூறு யூரோ மிச்சமாகுமாம். போலாங்களா?" என்றார். "கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டேன். "தை மாசம் வெச்சிருக்காங்க." "பொண்ணு இங்க வந்து வேலைக்குப் போகுமா?" "மொதல்ல ஜெர்மன் படிக்கணும்ங்க, அப்புறந்தான்." எத்தனை குழந்தைகள் வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன், அதிகப்பிரசங்கித்தனம் என்று அடக்கிக்கொண்டேன். உண்மையில் அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். அவர் விலையை விசாரித்தார். நான் அவருடைய அடுத்த நாற்பது ஆண்டுகளை விசாரித்தேன். இன்று நான் பேசப்போவது அந்தத் தொலைபேசி உரையாடலின் மீதிதான்.

இந்த அரங்கில் இரண்டு தலைமுறை இருக்கிறது. எண்பதுகளில் இலங்கையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, சமையற்கட்டிலும் தொழிற்சாலையிலும் உழைத்து, இன்று ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஒரு பக்கம். நீல அட்டை என்னும் வேலை அனுமதியோடு வந்த பொறியாளர்களும், இங்கே படித்து முடித்து வேலை தேடும் மாணவர்களும் மறுபக்கம். நான் 1991இல் திருச்சியிலிருந்து வந்து, சென்ற ஆண்டுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். எனவே இந்த மருத்துவக் காப்பீட்டுப் பிரச்சினையை, பொதுக் காப்பீட்டிலேயே இருப்பதா, ப்ரிவாட் என்னும் தனியார் காப்பீட்டுக்கு மாறுவதா என்பதை, இரண்டு கரையிலிருந்தும் பார்த்திருக்கிறேன்.

முதலில் இந்தப் பொதுக் காப்பீட்டு ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1883 ஜூன் 15 அன்று, பிஸ்மார்க் சான்சலராக இருந்தபோது, தொழிலாளர் நோய்க் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளிக்கு, ஒரு பங்கு முதலாளிக்கு. நோயுற்றால் மருத்துவம், மருந்து, மூன்றாம் நாளிலிருந்து பதின்மூன்று வாரம் வரை நோய்க்காலப் பணம். பிஸ்மார்க்குக்குத் தொழிலாளர்மேல் தனிப் பாசம் ஒன்றும் இல்லை. 1878இல் சோஷலிஸ்டுகளுக்கு எதிராகத் தடைச் சட்டம் கொண்டுவந்தவரும் அவரேதான். தொழிலாளியை அரசின் பக்கம் இழுக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் கணக்கு யாருடையதாக இருந்தாலும், அன்று நட்ட மரம் இரண்டு உலகப் போர்களையும், 1923இன் பணவீக்கத்தையும், நாடு இரண்டாகப் பிரிந்து மீண்டும் ஒன்றானதையும் தாண்டி நிற்கிறது. நீண்ட காலத்துக்கு எதை நம்புவது என்று கேட்கிறவர்கள் இந்த 142 ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று ஏறத்தாழ 7 கோடியே 40 லட்சம் பேர் பொதுக் காப்பீட்டில் இருக்கிறார்கள். நாம் பேச்சில் "காஸ்ஸ" என்கிறோமே, அது. முழுத் தனியார் காப்பீட்டில் இருப்பவர்கள் ஏறத்தாழ 87 லட்சம் பேர். அந்த 87 லட்சத்திலும் பாதிக்குச் சற்று மேல் அரசு அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும். அவர்கள் கதை வேறு. அதிகாரியின் மருத்துவச் செலவில் பாதியையும், ஓய்வுபெற்ற பின் பெரும்பாலும் எழுபது விழுக்காட்டையும் அரசே ஏற்கிறது. மிச்சத்துக்கு மட்டும் அவர்கள் தனியார் காப்பீடு எடுக்கிறார்கள். பள்ளியில் ஆசிரியராகி அரசு அதிகாரி நிலை பெற்ற நம் பிள்ளைகள் சிலர் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியார் காப்பீடு இயல்பான வழி. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அலுவலகத்தில் பக்கத்து மேசை ஜெர்மானியர் "என் அப்பா வாழ்நாள் முழுக்க ப்ரிவாட்தான், ஒரு குறையும் இல்லை" என்று சொன்னால், "உங்கள் அப்பா அரசு அதிகாரியா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆமாம் என்பார்.

சம்பளக்காரர் தனியாருக்குப் போக, ஆண்டுச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்ட வேண்டும். 2025இல் அது 73,800 யூரோ, ஆண்டுதோறும் கூடும். சொந்தத் தொழில் செய்பவருக்கு இந்த வரம்பு கிடையாது. கடை வைத்த முதல் நாளே போகலாம். அதனாலேயே நம்மவர்களில் கடைக்காரர்கள்தான் அதிகம் சிக்கியிருக்கிறார்கள்.

இரண்டு காப்பீட்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு கேள்வியில் அடங்கிவிடும். பொதுக் காப்பீடு "நீ எவ்வளவு சம்பாதிக்கிறாய்?" என்று மட்டும் கேட்கிறது. தனியார் காப்பீடு "உன் வயதென்ன, உடம்பு எப்படி, என்னென்ன வசதி வேண்டும்?" என்று கேட்கிறது. பொதுவில், 2025 கணக்குப்படி, சம்பளத்தில் 14.6 விழுக்காடு, அதன்மேல் கூடுதல் சந்தா சராசரியாக 2.5 விழுக்காடு, இதில் பாதியை முதலாளி கட்டுகிறார். மாதச் சம்பளம் 5,512.50 யூரோ வரைதான் இந்தக் கணக்கு. அதற்குமேல் எவ்வளவு வாங்கினாலும் சந்தா ஏறாது. அப்படிப் பார்த்தால் உச்சத்தில் இருப்பவரின் பங்கு 2025இல் மாதம் 471 யூரோ சொச்சம். பராமரிப்புக் காப்பீடு தனி. இந்த 471ஐக் காட்டித்தான் முகவர் அந்தத் தம்பியிடம் பேசியிருக்கிறார். முப்பது வயது, நோயில்லாத உடம்பு, கல்யாணமாகாதவர் என்றால் தனியாரில் இதைவிடக் குறைவாகக் கிடைப்பது உண்மைதான். முகவர் பொய் சொல்லவில்லை. இன்றைய நாளை மட்டும் காட்டினார், அவ்வளவுதான்.

அந்தத் தம்பிக்குத் திருமணமாகி மனைவி வருகிறார். பொதுக் காப்பீட்டில், சம்பாத்தியமில்லாத மனைவியும் பிள்ளைகளும் கூடுதலாக ஒரு சென்ட்கூடக் கட்டாமல் சேர்ந்துகொள்ளலாம். மனைவியின் மாத வருமானம் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது; 2025இல் அது 535 யூரோ, சிறுவேலை என்றால் 556. பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தால் 25 வயது வரை. தனியாரில் ஒவ்வொரு தலைக்கும் தனி ஒப்பந்தம், தனிப் பணம். மனைவிக்குத் தைராய்டு என்றால் அவருக்கு அபாயக் கூடுதல் தொகை, அல்லது "மன்னிக்கவும்" என்று ஒரு கடிதம். பிறக்கும் குழந்தைக்கு மட்டும் சட்டம் கருணை காட்டுகிறது: பெற்றோரில் ஒருவர் மூன்று மாதமாவது அந்த நிறுவனத்தில் இருந்து, இரண்டு மாதத்துக்குள் பதிவு செய்தால், உடல்நிலை பற்றிக் கேட்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு முடிச்சு பலருக்குத் தெரியாது. மனைவி வேலைக்குப் போய்ப் பொதுக் காப்பீட்டில் இருக்கிறார், கணவர் தனியாரில் என்று வையுங்கள். கணவருடைய வருமானம் தனியாருக்குப் போவதற்கான அந்தச் சம்பள வரம்புக்கு மேலும் மனைவியுடையதைவிட அதிகமாகவும் இருந்தால், பிள்ளைகள் தாயின் காப்பீட்டில் இலவசமாகச் சேர முடியாது. அப்பா ஒருவர் எடுத்த முடிவு மூன்று பிள்ளைகளின் கணக்கையும் மாற்றிவிடுகிறது. பிள்ளை பிறந்தபின் விடுப்பில் இருக்கும் தாயின் நிலையும் அப்படித்தான். பொதுக் காப்பீட்டில் இருந்த ஊழியர் என்றால், பெற்றோர் உதவித்தொகை வாங்கும் காலத்தில் அதன்மேல் சந்தா கிடையாது. தனியாரில் அந்த மாதங்களிலும் முழுத்தொகை கட்ட வேண்டும். வேலையில் இல்லாததால் முதலாளியின் பாதியும் நின்றுவிடும்.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். 1997இல் ஒரு முகவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்; காபி குடித்தார், அச்சிட்ட தாள்களைப் பரப்பினார். எனக்கு ஆசை வந்துவிட்டது. என் மனைவிக்கு அப்போது ஜெர்மன் அரைகுறை. ஆனாலும் அவள் கேட்டது ஒரே கேள்வி: "எனக்கும் பாப்பாவுக்கும் தனித்தனியாவா கட்டணும்?" அவர் "ஆம்" என்றார். "அப்படின்னா வேண்டாம்." அதோடு பேச்சு முடிந்தது. எனக்கு அன்று கொஞ்சம் கோபம்கூட. 2006இல் அவளுக்கு மார்பகத்தில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். அறுவை, கீமோ, கதிர்வீச்சு, பிறகு மூன்று வாரம் மறுவாழ்வு இல்லம். மருத்துவமனையில் நாளொன்றுக்குப் பத்து யூரோ, ஆண்டுக்கு அதிகபட்சம் 28 நாள், அதோடு மருந்துச் சீட்டுக்குச் சிறு தொகை. நாங்கள் கையிலிருந்து கொடுத்தது அவ்வளவுதான். அவள் அன்று சம்பாதிக்கவில்லை. அவள் பெயரில் ஒரு யூரோ சந்தாவும் போகவில்லை. அடுத்த ஆண்டு சந்தாவைக் கூட்டி எந்தக் கடிதமும் வரவில்லை. அவள் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

தனியாரில் இருந்திருந்தால் சிகிச்சை கிடைத்திருக்காதா என்றால், கட்டாயம் கிடைத்திருக்கும். தலைமை மருத்துவரே பார்த்திருப்பார், தனியறை இருந்திருக்கும். அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். தோல் மருத்துவரிடம் நேரம் கேட்டால் தனியார் நோயாளிக்கு அடுத்த வாரம், நமக்கு மூன்று மாதம் கழித்து என்பது நாம் எல்லோரும் பட்ட அனுபவம். காரணம் வேறொன்றுமில்லை. தனியார் நோயாளிக்கு மருத்துவர் தனிக் கட்டணப் பட்டியல்படி, பெரும்பாலும் அடிப்படைத் தொகையைப் போல 2.3 மடங்கு பில் போடலாம். இதை அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அநியாயம் இருக்கிறது என்பதற்காக நீங்கள் வாழ்நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியதில்லை.

தனியார் பக்கம் இன்னொரு நியாயமும் உண்டு. அங்கே ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது எழுதியதுதான். அரசு நினைத்தால் அதைக் குறைக்க முடியாது. பொதுக் காப்பீட்டில் நாடாளுமன்றம் கை வைக்கலாம், வைத்தும் இருக்கிறது. 2004இல் பெரியவர்களுக்கான மூக்குக்கண்ணாடியைப் பெருமளவுக்கு எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு, மருத்துவரைப் பார்க்கக் காலாண்டுக்குப் பத்து யூரோ என்று ஒரு கட்டணம் கொண்டுவந்தார்கள். 2012 முடிவு வரை கட்டினோம். சந்தாவும் ஏறுகிறது. சராசரிக் கூடுதல் சந்தா 2024இல் 1.7 விழுக்காடு, ஒரே ஆண்டில் 2.5. சமூகம் மூப்படைகிறது, உழைப்பவர் குறைகிறார்கள்; இது இன்னும் ஏறும். பொதுக் காப்பீடு மலிவானது என்று நான் சொல்லவில்லை. உங்கள் வருமானம் விழும்போது அதுவும் கூடவே இறங்கிவரும். நான் அதற்கு மதிப்புக் கொடுப்பது அந்த ஒரு குணத்துக்காக.

தனியார் சந்தா ஏன் கூடுகிறது என்பதில் நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. "வயசானா ஏத்திருவான்" என்கிறோம். உங்களுக்கு ஒரு வயது கூடிவிட்டது என்பதற்காகவோ நீங்கள் நோயாளியாகிவிட்டீர்கள் என்பதற்காகவோ ஏற்றச் சட்டத்தில் இடமில்லை. இளமையில் நீங்கள் கட்டுவதில் ஒரு பகுதியை முதுமைக்காகச் சேமித்து வைக்கிறார்கள். எல்லா நிறுவனங்களும் சேர்த்து அப்படி வைத்திருப்பது 30,000 கோடி யூரோவுக்கு மேல். 2000ஆம் ஆண்டு முதல் சந்தாவின்மேல் பத்து விழுக்காடு கூடுதலாகவும் வாங்குகிறார்கள், 60 வயது வரை. அது 65க்குப் பின் ஏற்றத்தைத் தணிக்க.

பிறகு ஏன் சந்தாவை ஏற்றிக் கடிதம் வருகிறது? மருத்துவச் செலவு எவ்வளவு கூடும் என்று முன்கூட்டிக் கணக்கில் சேர்க்க நிறுவனத்துக்கு அனுமதி இல்லை. செலவு கணக்கிட்டதைவிடப் பொதுவாகப் பத்து விழுக்காடு விலகினால்தான் மறுகணக்கு. அதனால் இரண்டு மூன்று ஆண்டு ஒரு சென்ட் ஏறாது. நீங்கள் மகிழ்ச்சியாக இருப்பீர்கள். பிறகு ஒரே நவம்பரில், விடுபட்ட ஆண்டுகளின் செலவு, மனிதர்கள் கூடுதலாக வாழ்கிறார்கள் என்ற புதிய கணக்கு, சேமிப்புக்கு எதிர்பார்த்த வட்டி கிடைக்கவில்லை என்பது எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து வந்து இறங்கும். முன்பு 3.5 விழுக்காடு வட்டி வரும் என்று வைத்துப் போட்ட கணக்குகள், வட்டி அடிமட்டத்துக்குப் போன ஆண்டுகளில் என்னாயின என்று அந்தக் கடிதம் வாங்கியவர்களைக் கேளுங்கள்.

இப்போது ஓய்வுக்காலத்துக்கு வருகிறேன். நம்மைப்போல் வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இந்த இடம்தான் உயிர்நாடி. ஜெர்மானியர் இருபதாவது வயதில் வேலைக்குப் போய் நாற்பத்தைந்து ஆண்டு ஓய்வூதியச் சந்தா கட்டுகிறார். நீங்கள் முப்பத்திரண்டில் வந்து சேர்கிறீர்கள். நடுவில் இரண்டு ஆண்டு ஊருக்குப் போகிறீர்கள், மனைவி பத்து ஆண்டு வேலைக்குப் போகவில்லை. உங்கள் ஓய்வூதியம் சிறியதாகத்தான் இருக்கும். ஒரு பேச்சுக்கு மாதம் 1,200 யூரோ என்று வையுங்கள். பொதுக் காப்பீட்டின் ஓய்வூதியர் பிரிவில் இருந்தால், 2025 கணக்குப்படி அதில் 8.55 விழுக்காடு, அதாவது 102 யூரோ 60 சென்ட், நீங்கள் கட்ட வேண்டும். அதே அளவு ஓய்வூதிய நிறுவனம் கட்டும். தனியாரில் உங்கள் சந்தா 800 யூரோ என்று வையுங்கள். ஓய்வூதிய நிறுவனம் தருவது அதே 102 யூரோ 60 சென்ட்தான். மீதி 697 யூரோ 40 சென்ட் உங்கள் பையிலிருந்து, 1,200இலிருந்து. பராமரிப்புக் காப்பீட்டை இதில் சேர்க்கவேயில்லை. மிச்சத்தில் வாடகை கட்டிச் சாப்பிட வேண்டும்.

அந்த ஓய்வூதியர் பிரிவில் இடம் கிடைக்கவும் ஒரு நிபந்தனை: உழைத்த காலத்தின் பின்பாதியில் பத்தில் ஒன்பது பங்கு பொதுக் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். 2017 முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று ஆண்டு சேர்த்துக்கொள்கிறார்கள். நாற்பது வயதில் தனியாருக்குப் போய் ஐம்பத்து நான்கில் திரும்பி வந்தாலும் இந்தக் கணக்கு இடிக்கும். அப்போது சுயவிருப்ப உறுப்பினர் என்ற பெயரில் வாடகை வருமானம், வட்டி எல்லாவற்றின்மேலும் கட்ட வேண்டும்.

ஐம்பத்தைந்து. இந்த எண்ணை மட்டுமாவது இன்று வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அதற்குமுன் சம்பளம் வரம்புக்குக் கீழே இறங்கினாலோ, வேலையிழந்து உதவித்தொகை வாங்கினாலோ, பொதுக் காப்பீட்டுக்குத் தானாகவே திரும்பிவிடலாம். 55 முடிந்து, கடைசி ஐந்து ஆண்டு தனியாரிலேயே இருந்தவருக்குக் கதவு ஏறத்தாழ மூடிவிட்டது.

யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர், பெயர் வேண்டாம், தொண்ணூறுகளின் இறுதியில் பலசரக்குக் கடை தொடங்கினார். அப்போது முப்பத்தெட்டு வயது. பொதுவில் கேட்டதில் பாதிக்குத் தனியார் கிடைத்தது. மனைவியையும் அதிலேயே சேர்த்தார். பதினைந்து ஆண்டு நன்றாக ஓடியது. பிறகு பெரிய கடைகளிலேயே தேங்காய்ப்பாலும் பாசுமதியும் வரத் தொடங்கின; அண்ணரின் கடை படுத்துவிட்டது. ஐம்பத்தேழில் கடையை மூடிக் களஞ்சியசாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஊழியராகிவிட்டோம், இனிக் காஸ்ஸதானே என்று நம்பிப் படிவம் அனுப்பினார். முடியாது என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தோடுதான் என் வீட்டுக்கு வந்தார். "உள்ளுக்கை போறது லேசு தம்பி, வெளியில வாறதுக்குத்தான் கதவில்லை" என்றார். ஐம்பத்தைந்து ஆவதற்கு முன்னால் கேட்டிருந்தால் வழி இருந்திருக்கும். அப்போது அவருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. தெரிந்த முகவரும் சொல்லவில்லை.

அவருக்குக் கிடைத்த ஆறுதல், காப்பீட்டு ஒப்பந்தச் சட்டத்தின் 204ஆம் பிரிவு. அதே நிறுவனத்துக்குள், சேர்த்த சேமிப்பு போகாமல், மலிவான வேறு திட்டத்துக்கு மாறும் உரிமை உங்களுக்கு உண்டு. நிறுவனம் மறுக்க முடியாது. நாங்கள் இரண்டு பேரும் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கினோம்; சந்தா ஓரளவு இறங்கியது. ஏற்கெனவே தனியாரில் இருப்பவர்கள், ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள், மனமுடைய வேண்டாம். கோபத்தில் நிறுவனத்தை மாற்றாதீர்கள். சேமிப்பின் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். 2009இலிருந்து அடிப்படைத் திட்டம் என்று ஒன்று உண்டு. பொதுக் காப்பீட்டின் உச்சத் தொகைக்குமேல் வாங்கக் கூடாது, உடல்நிலையைக் காட்டித் தள்ளக் கூடாது. சமூக உதவி தேவைப்படும் நிலைக்கு வந்தால் அதிலும் பாதி. கடைசி மரம்தான், ஆனால் நிழல் இருக்கிறது.

உடல்நிலைக் கேள்வித்தாள் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நமக்குச் சர்க்கரை சீக்கிரம் வருகிறது. தெற்காசியர்களுக்கு இந்த நோய் இளவயதிலேயே வருவது மருத்துவம் அறிந்த உண்மை. அதை ஒரு நோயாகவே நாம் எண்ணுவதில்லை. "பார்டர்ல இருக்கு" என்போம். கேள்வித்தாளில் அது "ஆம்". வேலை நெருக்கடியில் தூக்கமில்லை என்று குடும்ப மருத்துவரிடம் போய் இரண்டு வாரம் விடுப்புச் சீட்டு வாங்கியிருப்பீர்கள். அவர் கோப்பில் மனச்சோர்வு என்று குறித்திருப்பார், உங்களுக்கே தெரியாது. "அதெல்லாம் எழுத வேண்டாம் சார்" என்று சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். எழுதாமல் விட்டது பின்னால் தெரிந்தால் மூன்று ஆண்டு வரை நிறுவனம் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். வேண்டுமென்றே மறைத்தது என்றால் பத்து ஆண்டு. உங்களுக்குப் பெரிய பில் வரும்போதுதான் அவர்கள் பழைய கோப்பைத் தேடுவார்கள். முதலில் மருத்துவரிடம் உங்கள் கோப்பின் நகலைக் கேளுங்கள்; அது உங்கள் உரிமை. முகவர் கமிஷனுக்கு 2012இல் சட்டம் உச்சவரம்பு வைத்த பிறகும் அது ஏறத்தாழ ஒன்பது மாதச் சந்தா. அதை அறிந்து அவர் பேச்சைக் கேளுங்கள்.

மாணவர்களுக்கு இரண்டு வார்த்தை. இன்று இந்நாட்டின் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்தான் எண்ணிக்கையில் முதலிடம். விசாவுக்காக ஊரிலேயே மலிவான பயணக் காப்பீடு எடுத்து வருகிறீர்கள். அது விசாவுக்குச் சரி. இங்கே சேரும்போது முப்பது வயதுக்குள் இருந்தால் மாணவர் சந்தாவில் காஸ்ஸவில் சேருங்கள். "எனக்கு வேண்டாம், தனியார் இருக்கிறது" என்று விலக்கு வாங்கினால், அந்தப் படிப்பு முடியும்வரை அதை மாற்ற முடியாது. வேலைக்கு வருகிறவர்களுக்கு, ஐந்தாண்டுக்கு மட்டும் என்று விற்கும் வெளிநாட்டவர் காப்பீடுகளும் இருக்கின்றன. அவற்றில் முதுமைக்கான சேமிப்பு ஒரு சென்ட் கிடையாது. ஐந்தாம் ஆண்டு முடியும்போது உங்களுக்கு இரத்த அழுத்தம் வந்திருந்தால், புதிதாக வாங்கப்போவது அந்த உடம்போடுதான்.

"நான் ஐந்து வருஷத்தில் ஊருக்குப் போய்விடுவேன் அண்ணா" என்று எல்லோரும் சொல்கிறீர்கள். நானும் 1991இல் சொன்னேன். எங்கள் தெருவில் அப்படிச் சொன்ன ஏழு குடும்பங்களில் திரும்பியது ஒன்று. பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கினால் முடிவு நம் கையில் இல்லை. உண்மையாகவே திரும்புகிறவருக்குத் தனியார் காப்பீடு பெரிய கெடுதல் செய்யாது. ஐந்தாண்டு மிச்சம் பிடித்துவிட்டுப் போவார். போவோமா என்பது நிச்சயமில்லாதவருக்குத்தான் அது ஆபத்து. நம்மில் பெரும்பாலோர் அந்த வகை.

ஆகவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அரசு அதிகாரி தனியாருக்குப் போகட்டும். பிள்ளை இல்லை, வேண்டாம் என்று உறுதியாக முடிவெடுத்து, நிலையான பெரிய வருமானமும், மிச்சமாகும் ஒவ்வொரு யூரோவையும் முப்பது ஆண்டு தொடாமல் சேர்க்கும் கட்டுப்பாடும் உள்ளவர் யோசிக்கலாம். அப்படிப்பட்டவரை நான் அதிகம் பார்த்ததில்லை; மிச்சமான இருநூறு யூரோ காருக்கோ விமானச் சீட்டுக்கோ போய்விடுகிறது. மற்ற எல்லோரும், குடும்பம் வைத்திருப்பவரும் வைக்கப்போகிறவரும், பொதுக் காப்பீட்டிலேயே இருங்கள். தனியறையும் தலைமை மருத்துவரும் நல்ல பல்லும் வேண்டுமென்றால், அதற்கு மட்டும் துணைக் காப்பீடு எடுங்கள். கை இறுகும்போது துணைக் காப்பீட்டை நிறுத்திக்கொள்ளலாம்; அடிப்படை அசையாது. தொண்ணூறுக்கு மேற்பட்ட காஸ்ஸக்கள் இருக்கின்றன. ஒன்றில் சந்தா ஏறினால் இன்னொன்றுக்கு மாறுங்கள். உடம்பைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்தக் கோயம்புத்தூர்த் தம்பி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தை மாதம் வரை பொறுத்து, வரப்போகிற பெண்ணோடு உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுக்கிறேன் என்றிருக்கிறார். உங்களில் யார் கையிலாவது அப்படி ஒரு படிவம் இருந்தால், இன்று போடாதீர்கள். மனைவியிடம், கணவரிடம் காட்டுங்கள். உங்கள் ஊர் நுகர்வோர் மையத்தில் சிறு கட்டணத்துக்கு ஆலோசனை தருவார்கள். அவர்களுக்கு எந்த நிறுவனமும் கமிஷன் தருவதில்லை. தனியாரில் இருந்து ஐம்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருப்பவர்கள், ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு என்றிருப்பவர்கள், இந்தக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். வெட்கம் வேண்டாம், கடிதங்களை எடுத்து வாருங்கள். அரங்கை எட்டு மணிக்குத்தான் பூட்டுவார்கள். அதுவரை நான் இங்கேதான் இருப்பேன்.